எந்தக் கோப்பை என்று எனக்கும் தெரியாது

பிப்ரவரி. குவோப்பியோவில் ஏரி
கார் ஓடும் அளவுக்கு இறுகிக் கிடக்கிறது.
எட்டேகாலுக்கு சைமி வந்தாள்.
ஆறு வயது, முன்பல் ஒன்று இல்லை,
கக்கத்தில் ஒரு துணி மீன்.
பின்னால் அவள் அப்பா யார்க்கோ,
தலை இன்னும் ஈரமாக.

பால் டேங்கர் ஓட்டுகிறவர்.
பண்ணை பண்ணையாக, இருட்டோடு இருட்டாக,
முப்பதாயிரம் லிட்டர்.
வீடு திரும்பியதும் நிலவறையில் உடுப்பைக் களைந்து
குளித்து, நகக்கண் தேய்த்து,
அப்புறம்தான் மகளைத் தூக்குவார்.
நாலாம் மாதத்தில்
அவர் சட்டைக் கையிலிருந்து ஒரு துளி
அவள் கன்னத்தில் பட்டது.
கன்னம் அதைக் குறித்து வைத்துக்கொண்டது.

ஆய்வின் விதி இவ்வளவுதான்:
இரண்டு நாள், இரண்டு குடுவை.
ஒன்றில் பால், மற்றதில் ஓட்ஸ் தண்ணீர்.
இரண்டிலும் புளூபெர்ரிக் கூழைக் கலந்து
நிறத்தையும் மணத்தையும் ஒன்றாக்கியிருக்கிறது.
எது எந்த நாள் என்று
கீழ்த்தளத்து மருந்தாளர் ஒருத்திக்குத்தான் தெரியும்.
லிஃப்டில் என்னைக் கண்டால்
அவள் கூரையைப் பார்ப்பாள்.

முதல் அளவு ஒரு சொட்டு.
இருபது நிமிடம்.
பிறகு கால் தேக்கரண்டி. மறுபடி இருபது.
நான் அவள் உதட்டைப் பார்க்கிறேன்,
கழுத்தை, முழங்கை மடிப்பை.
மூச்சை எண்ணுகிறேன்.
யார்க்கோ என் முகத்தைப் பார்க்கிறார்,
அதில் ஏதாவது கசியுமென்று.
எனக்கே தெரியாதது
என் முகத்துக்கு எப்படித் தெரியும்?
மேசையில் அட்ரினலின் ஊசி,
மூடி கழற்றாமல், எல்லோரும் பார்க்காதது போல்
பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே பொருள்.

நான்காம் அளவில் வந்தது.
காதுக்குக் கீழே மூன்று தடிப்பு.
"தொண்டைக்குள்ள கம்பளிச் சட்டை இருக்கு" என்றாள்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.
டாக்டர் வைனியோ மார்பில் குழல் வைத்துக் கேட்டார்,
நிறுத்தச் சொன்னார், மருந்து கொடுத்தோம்.
மதியத்துக்குள் தோல் அடங்கிவிட்டது.
ஜன்னலோரம் போன யார்க்கோ
தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

அடுத்த வாரம் இரண்டாம் குடுவை.
சொட்டு, கால் கரண்டி, கரண்டி, அரைக் கோப்பை,
கடைசியில் முழுக் கோப்பை.
ஒன்றுமில்லை.
மீனைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள்.
"இன்னிக்கு ஓட்ஸ்" என்றார் யார்க்கோ,
கோபமில்லாமல், வானிலை சொல்வது போல.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
நினைக்கக் கூடாது என்பதும் விதியில் உண்டு.

மூன்று மணிக்கு மருந்தாளர் மேலே வந்து
உறையைக் கிழித்தாள்.
ஓட்ஸ், போன வாரம்.
இன்று பால்.

யாரும் சிரிக்கவில்லை.
அந்த மூன்று தடிப்பும் பொய்யா?
நான் அளவுகோல் வைத்து அளந்தவை:
ஆறு மில்லிமீட்டர், நாலு, நாலு.
பொய்க்கு விட்டம் உண்டா?
போன வாரம் அந்தத் தோலுக்குக் கேட்டது
குடுவையா, இல்லை
ஆறு வருஷமாய் நிலவறையில்
ஓடிக்கொண்டிருந்த தண்ணீரா?
எங்கள் கட்டுரையில் இது ஒரு வரி:
பாலில்லாக் கோப்பைக்கு எதிர்வினை, நாற்பத்தொருவரில் ஒருவர்.
அந்த வரிக்குள் கம்பளிச் சட்டை நுழையாது.

டாக்டர் தினசரி அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
யார்க்கோ கேட்டுக்கொண்டார், தலையாட்டினார்,
பிறகு என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில்:
"அப்போ ராத்திரி நான் குளிக்கணுமா?"
எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.
"டீசல் நாத்தம் போக வேண்டாமா?" என்றேன்.
சிரிக்க முயன்றார், வாய் ஒத்துழைக்கவில்லை.

விழித்த சைமியிடம் கேட்டேன், பால் எப்படி?
"ஊதாவா இருந்துச்சு" என்றாள். "வேணாம்."

வாகன நிறுத்தத்தில், மைனஸ் பத்தொன்பதில்,
அவள் மூக்கு ஒழுகியது.
அப்பாவின் சட்டைக் கையை இழுத்துத் துடைத்தாள்.
அவர் கை சட்டென்று பின்வாங்கியது, பழக்கம்.
பாதியில் நின்றது.
அப்புறம் தானே திரும்பிப் போனது
அவள் முகத்துக்கு.

என் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
தட்டில் அடுத்த குடுவை, எண் முப்பத்திரண்டு.
ஊதா நிறம்.